இருங்க, மாஸ்டரைக் கேட்டுச் சொல்றேன்

கும்பகோணத்தில் மகாமகக் குளத்திலிருந்து நாலு தெரு தள்ளி என் சித்தப்பா ஒரு சைவ ஓட்டல் நடத்துகிறார். நாற்பது பேர் உட்காரலாம். காலை ஆறு மணிக்கு முதல் ஈடு இட்லி இறங்கும், ராத்திரி பத்தரைக்குக் கல்லாவை மூடுவார்கள். முப்பது வருஷமாக அங்கே மெனு கார்டு என்று ஒன்று இருந்ததில்லை. சப்ளையர் தண்ணீர் டம்ளரை வைத்துக்கொண்டே ஒப்பிப்பார்: "இட்லி, பொங்கல், வடை, பூரி, ரோஸ்ட், ரவா, ஆனியன் ரவா, ஊத்தப்பம்." எல்லா ஊரிலும் அப்படித்தான். ஆனால் தினம் வருகிறவர்களுக்கு அந்த ஒப்பித்தலில் இன்னும் கொஞ்சம் விஷயம் கேட்கும். ரவாவுக்கு முன்னால் லேசாக இழுத்தால் மாவு தீரப்போகிறது. பொங்கலை முதலில் சொன்னால் இப்போதுதான் இறக்கியிருக்கிறார்கள். கடைசியில் முணுமுணுத்தால் வேண்டாம், பூரி சொல்லிவிடலாம்.

இந்த ஓட்டலுக்குத்தான் நான் போன வருஷம் ஒரு சாட்பாட், அதாவது வாட்ஸ்அப்பில் கேட்கிறவர்களுக்குத் தானே பதில் சொல்லும் புரோகிராம், வைத்துக் கொடுத்தேன்.

சென்னையில் பதினோரு வருஷம் சாப்ட்வேர் டெஸ்டிங்கில் இருந்துவிட்டு, வீட்டிலிருந்தே வேலை என்று ஆன பிறகு ஊருக்குத் திரும்பிவிட்டேன். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் எங்கே ஓட்டை என்று தேடுவதுதான் என் பிழைப்பு. அதனால் நான் வைத்த சாட்பாட்டில் ஓட்டை இருக்காது என்று ஒரு மிதப்பு இருந்தது. அந்த மிதப்பு எப்படி இறங்கியது என்பதுதான் இந்தக் கதை.

ஆரம்பித்து வைத்தது சித்தப்பாவின் போன். காலை ஐந்தரைக்கே அடிக்க ஆரம்பித்துவிடும். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் நவக்கிரகக் கோவில் சுற்ற வேனில் வருகிறவர்கள். திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோவில், கஞ்சனூர் என்று வரிசையாகப் பார்த்துவிட்டு எந்த வேளைக்கு எங்கே சாப்பிடுவது என்று வண்டியிலிருந்தே கணக்குப் போடுவார்கள். "பதினெட்டு பேர் வர்றோம், சாப்பாடு இருக்குமா? வெங்காயம் பூண்டு இல்லாம கிடைக்குமா? கடப்பா உண்டா?" கல்லாவில் சில்லறை கொடுத்துக்கொண்டே ஒரு காதில் போனை இடுக்கிக்கொண்டு பதில் சொல்லிச் சொல்லி சித்தப்பாவுக்குக் கழுத்து வலியே வந்துவிட்டது. "ஏம்மா, இதையெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டு அதையே பதில் சொல்ல வைக்க முடியாதா?" என்று கேட்டார். முடியுமே சித்தப்பா என்றேன்.

சென்னையில் ஒரு கம்பெனி இதை மாதச் சந்தாவுக்குச் செய்து தருகிறது. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மெனுவை ஒரு எக்செல் தாளில் கொடுங்கள். அயிட்டத்தின் பெயர், விலை, என்னென்ன சேர்கிறது. வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் கேள்வி கேட்டதும், அந்தக் கேள்விக்குப் பொருத்தமான வரிகளைத் தாளிலிருந்து உருவி மொழி மாடலிடம், அதாவது மனிதர் மாதிரி வாக்கியம் எழுதும் செயற்கை நுண்ணறிவிடம், கொடுப்பார்கள். மாடல் அதைப் படித்துப் பதிலை வாக்கியமாக்கும். கேட்க சுலபமாக இருந்தது. சித்தப்பா சொல்லச் சொல்ல, போனில் குரலை எழுத்தாக்கும் வசதியில் 47 அயிட்டத்தையும் ஒரே மத்தியானத்தில் ஏற்றி முடித்தேன். அந்த மத்தியானத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் வாரம் முழுக்க தமிழ்ப் பிரச்சினை. யாரோ "என்ன டிபன் இருக்கு?" என்று கேட்டதற்கு, "தங்களது வினவலுக்கு மிக்க நன்றி. எங்கள் உணவகத்தில் பின்வரும் சிற்றுண்டி வகைகள் கிடைக்கப்பெறுகின்றன" என்று ஆரம்பித்தது. சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "யாரும்மா இது, ரேடியோவுல செய்தி வாசிக்கிறவரா?" என்றார். இயல்பாகப் பேசு, சுருக்கமாகச் சொல் என்று கட்டளையை மாற்றினேன். மறுநாள் எழுபது வயது வாடிக்கைக்காரர் ஒருவரை "சொல்லுங்க ப்ரோ" என்று கூப்பிட்டிருந்தது. அவர் ரிடையர்டு தாசில்தார். நேரில் வந்து சித்தப்பாவிடம் போனை நீட்டினார். ஒன்றும் சொல்லவில்லை, நீட்டினார், அவ்வளவுதான். அன்றைக்கு அவருடைய காபிக்குக் காசு வாங்கவில்லை.

செலவும் தமிழில் கூடுதல். இந்த மாடல்கள் சொல்லைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் படிக்கின்றன. ஆங்கிலச் சொல் பெரும்பாலும் ஒரு துண்டில் அடங்கிவிடும். தமிழ்ச் சொல் நாலைந்து துண்டாகும். துண்டுக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. ஆகவே ஒரே கேள்வியைத் தமிழில் கேட்கிறவர் சித்தப்பாவுக்கு அதிகச் செலவு வைக்கிறார். இதை அவரிடம் நான் சொல்லவில்லை.

அப்புறம் கடப்பா. வெளியூர்க்காரர்களுக்காக: பாசிப்பருப்பையும் உருளைக்கிழங்கையும் வேகவைத்து, தேங்காய், பொட்டுக்கடலை, பச்சைமிளகாய், சோம்பு அரைத்துவிட்டு, பட்டை கிராம்பு தாளித்து இட்லி தோசைக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுப்பது. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் விட்டால் அதிகம் பார்க்க முடியாது. சித்தப்பா கடையில் ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும். ஒருவர் "கடப்பான்னா என்ன?" என்று கேட்டிருக்கிறார். என் தாளில் கடப்பாவுக்கு நேராக விலை மட்டும்தான் இருந்தது. பாட், தனக்கு ஏற்கெனவே தெரிந்ததிலிருந்து எடுத்து, ஆந்திராவின் கடப்பா மாவட்டத்துக் காரசாரமான உணவு என்று சொல்லிவிட்டது. காரம் ஆகாத மனிதர். பாவம், ஞாயிற்றுக்கிழமை வந்து வெறும் சாம்பாரோடு போனார். பக்கத்து மேஜையில் வெள்ளை வெளேரென்று கடப்பா போய்க்கொண்டிருந்தது.

இதற்குக் கம்பெனிக்காரர்கள் ஒரு வழி சொன்னார்கள். தாளில் இருப்பதை மட்டும் வைத்துப் பதில் சொல், சொந்தச் சரக்கைச் சேர்க்காதே என்று கட்டளை போட்டுவிடலாம். எனக்கும் அது சரியாகப் பட்டது. கட்டிப்போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நியூசிலாந்தில் ஒரு சூப்பர் மார்க்கெட் உதாரணம் இருக்கிறது. வீட்டில் மிச்சமிருக்கும் பொருளைச் சொன்னால் சமையல் குறிப்பு தரும் பாட் ஒன்றை விட்டார்கள். 2023 ஆகஸ்டில் யாரோ குறும்புக்காக பிளீச்சிங் திரவத்தையும் அம்மோனியாவையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்க, அது விஷவாயு கிளம்பும் கலவையை வாசனைப் பானம் என்று குறிப்பெழுதிக் கொடுத்தது. கட்டிப்போட்டுவிட்டால் இந்த வம்பு இல்லை அல்லவா. போட்டேன்.

கட்டிப்போட்ட பிறகு இரண்டு வாரம் சொகுசாக ஓடியது. வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சாப்பாட்டைப் பற்றியே இல்லை என்பது எனக்கு ஆச்சரியம். ஏசி இருக்கிறதா, வேன் நிறுத்த இடம் இருக்கிறதா, பெண்களுக்குத் தனியாகக் கழிப்பறை உண்டா, ஜீபே எடுப்பீர்களா. இவ்வளவு நாள் சித்தப்பாவின் கழுத்தை ஒடித்தது இதுதான். இதற்கெல்லாம் பாட் அருமையாகப் பதில் சொன்னது. ராத்திரி ஒரு மணிக்குக் கேட்டாலும் சொன்னது. இதை ஒப்புக்கொண்டுதான் மேலே போக வேண்டும்.

சறுக்கியது அந்த அம்மாவும் பையனும் வந்த அன்றைக்கு.

ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணி. சித்தப்பா கல்யாண வீட்டுக்குப் போயிருந்ததால் கல்லாவில் நான். திருபுவனத்திலிருந்து ஒரு பெரியவர், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் மகள், ஏழெட்டு வயதுப் பேரன். மகள் முந்தின ராத்திரியே பாட்டிடம் ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறாள்: பொடி இட்லியில் எள் சேர்கிறதா? பாட் சொன்ன பதிலை அப்புறம் அவள் போனில் நானே படித்தேன். இல்லை, பொடி இட்லியில் இட்லி, மிளகாய்ப்பொடி, தரமான எண்ணெய் ஆகியவை மட்டுமே உள்ளன, எள் இல்லை. பணிவாக, ஒரு சின்ன சிரிப்புப் பொம்மையும் போட்டு.

பையன் முன்னால் பொடி இட்லி வந்தது. குட்டிக் குட்டி இட்லி, மேலே சிவப்பாகப் பொடி, எண்ணெய் பளபளவென்று இலையில் வழிந்துகொண்டிருந்தது. பெரியவர் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, "ஆஹா, செக்கு நல்லெண்ணெய்! அங்கெல்லாம் இந்த வாசனை எங்கே கிடைக்கும்" என்றார்.

அந்த அம்மாள் இலையை அப்படியே தன் பக்கம் இழுத்தாள். பையன் கையில் எடுத்திருந்த ஒரு இட்லியையும் பிடுங்கினாள். தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. அவனுக்கு எள் ஒவ்வாது. ஒரு தடவை தொண்டை அடைத்து ஆம்புலன்ஸ் வரைக்கும் போயிருக்கிறது. அட்ரினலின் ஊசி எப்போதும் அவள் கைப்பையில் இருக்கிறது. அதைத்தான் அவள் ஒரு கையால் துழாவிக்கொண்டிருந்தாள். பையன் வாயில் வைக்கவில்லை. விரலில் மட்டும் எண்ணெய். குழாயடிக்குக் கூட்டிப்போய் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

நான் போய் நின்றேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலாம் போல இருந்தது. "சாதா இட்லியும் சட்னியும் கொடுக்கலாமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. சப்ளையர் தம்பி உள்ளே ஓடினான். மாஸ்டர் கரண்டியோடு வெளியே வந்து கேட்டுவிட்டு, யோசித்து, "சட்னி தாளிக்கிறது கடலெண்ணெய்தாம்மா. ஆனா கரண்டி ஒண்ணுதான். நான் கொடுக்க மாட்டேன்" என்றார். அந்தக் குழந்தை கும்பகோணத்தில் ஒரு டிபன் கடையில் உட்கார்ந்து இரண்டு பூவன் பழம் சாப்பிட்டுவிட்டுப் போனது.

அன்று மத்தியானம் அந்த எக்செல் தாளைத் திறந்தேன். பொடி இட்லிக்கு நேராக என் போன் கேட்டு எழுதியிருந்தது: "இட்லி, மிளகாய்ப்பொடி, நல்ல எண்ணெய்." நடுவில் ஓர் இடைவெளி. சித்தப்பா நல்லெண்ணெய் என்றுதான் சொல்லியிருப்பார். போன் பிரித்துவிட்டது. நான் சரிபார்க்கவில்லை. பாட் அதை ஆங்கிலத்தில் தரமான எண்ணெய் ஆக்கிவிட்டது. இதில் ஒரு வேடிக்கை, எண்ணெய் என்ற சொல்லே எள்ளும் நெய்யும் சேர்ந்ததுதான். எள் நெய், எண்ணெய். பழைய தமிழ் ஆளைக் கேட்டிருந்தால் எண்ணெய் என்றாலே எள்தானே என்று கேட்டிருப்பார். நாம்தான் தேங்காயெண்ணெய், கடலெண்ணெய், மண்ணெண்ணெய் வரைக்கும் அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டு, உண்மையான எள் நெய்யைக் காட்ட "நல்ல" சேர்க்க வேண்டிய நிலைக்கு வந்தோம்.

சரி, ஓர் இடைவெளிதானே, அழித்தால் தீர்ந்தது என்று அழித்தேன். மாஸ்டரிடம் சொன்னபோது அவர், "அது கிடக்கட்டும் பாப்பா, பொடியிலயே எள்ளு வறுத்துப் போட்டுத்தானே இடிக்கிறோம்" என்றார். தாளில் மிளகாய்ப்பொடி என்ற ஒரே வார்த்தை. அதற்குள் என்ன இருக்கிறது என்று யாரும் எழுதவில்லை. சித்தப்பாவுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே படவில்லை. எனக்கும் படவில்லை. மிளகாய்ப்பொடியில் எள் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன?

இங்கேதான் என் டெஸ்டிங் மூளை விழித்தது. தாளில் இருப்பதை மட்டும் சொல் என்று நான் போட்ட கட்டளைதான் வினை. கட்டிப்போடாதபோது பாட் இல்லாததை இருக்கிறது என்றது. கட்டிப்போட்டதும் எழுதாததை இல்லை என்றது. பட்டியலில் எள் இல்லை என்பதும் இட்லியில் எள் இல்லை என்பதும் அதற்கு ஒரே வாக்கியம். கடப்பா விவகாரத்தில் யாரோ ஒருவர் சாம்பாரோடு போனார், சிரித்துவிட்டோம். இரண்டாவது தவறு பார்க்க ஒழுங்காக, அடக்கமாக, தாளுக்கு உண்மையாக இருந்தது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

நம் ஊர் ஓட்டல்களில் இது எழுதப்படாமல் இருப்பதற்குக் காரணமும் உண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிமுறையில், பத்து இடங்களிலோ அதற்கு மேலோ கிளை வைத்திருக்கும் உணவகங்களும் மத்திய உரிமம் உள்ளவையும்தான் மெனுவில் கலோரி போட வேண்டும், ஒவ்வாமைத் தகவலும் தர வேண்டும். 2022 ஜூலை 1 முதல் அது நடைமுறை. ஒற்றைக் கடை சித்தப்பாவுக்கு அது இல்லை. அந்த ஒவ்வாமைப் பட்டியலில் பால், முட்டை, மீன், வேர்க்கடலை, கொட்டை வகைகள், சோயா, கோதுமை போன்ற தானியங்கள் எல்லாம் வருகின்றன, எள் வரவில்லை. அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் பாக்கெட் உணவில் எள்ளைக் குறிப்பிட்டே ஆக வேண்டும், அங்கே ஒவ்வாமைப் பட்டியலில் அது ஒன்பதாவது. ஐரோப்பாவின் 14 பொருள் பட்டியலில் எள்ளோடு கடுகும் இருக்கிறது. கடுகு! அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு தஞ்சாவூர் ஜில்லாவில் எந்த ஓட்டலுக்குள் நுழைவது? அந்த அம்மாள் கேட்ட கேள்வி அவள் ஊர்ச் சட்டத்தில் பழகியது, பதில் சொன்ன தாள் எங்கள் ஊர்ப் பழக்கத்தில் எழுதியது. நடுவில் நின்ற பாட்டுக்கு இரண்டுமே தெரியாது.

கல்யாண வீட்டிலிருந்து திரும்பிய சித்தப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெகு நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "தப்பாயிருந்தா யார் மேலம்மா கேஸ்? உன் மேலயா, அந்த கம்பெனி மேலயா, என் மேலயா?" என்றார். ஏர் கனடா வழக்கைச் சொன்னேன். பாட்டி இறந்து அவசரமாக டிக்கெட் எடுத்த ஒருவருக்கு, துக்கக் கட்டணச் சலுகையைப் பயணத்துக்குப் பிறகும் கேட்டு வாங்கலாம் என்று அந்த விமான நிறுவனத்தின் பாட் தவறாகச் சொல்லிவிட்டது. நிறுவனம் பணம் தர மறுத்தது. அந்த பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்கிற மாதிரி வாதாடிப் பார்த்தது. 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. உன் இணையதளத்தில் இருக்கும் எல்லாவற்றுக்கும் நீதான் பொறுப்பு, பணத்தைக் கொடு என்றது. சித்தப்பா இதில் வியக்க எதுவும் பார்க்கவில்லை. "சப்ளையர் சொன்னா நான் சொன்ன மாதிரிதானே. இதுக்கு எதுக்கு கோர்ட்டு" என்றார்.

பாட்டை எடுத்துவிடலாம் என்று நான் சொன்னேன். அவர்தான் வேண்டாம் என்றார். கழுத்து வலி அவருக்கு. "சப்ளையர் பசங்களுக்கு மட்டும் எல்லாம் தெரியுமா? புதுப் பையன் வந்தா முதல் நாள் என்ன சொல்லிக் கொடுப்போம்? தெரியலைன்னா, இருங்க, மாஸ்டரைக் கேட்டுச் சொல்றேன்னு சொல்லுடான்னுதான். அதை இதுக்குச் சொல்லிக் கொடுத்தியா?"

சொல்லிக் கொடுக்கவில்லை. கம்பெனிக்காரர்கள் தந்த மாதிரிக் கட்டளைகள் பக்கம் பக்கமாக இருந்தன. கனிவாகப் பேசு, வாடிக்கையாளரை வெறுங்கையோடு அனுப்பாதே, எப்போதும் ஏதாவது பயனுள்ள பதில் கொடு. தெரியாது என்று சொல்வதற்கு அதில் இடமே இல்லை. தெரியாது என்பது விற்பனைக்கு ஆகாத வார்த்தை போலிருக்கிறது.

அடுத்த வாரம் முழுக்க, மத்தியானச் சாப்பாடு முடிந்து டிபன் தொடங்கும் முன் மூன்றிலிருந்து நாலரை வரைக்கும், நானும் மாஸ்டரும் அடுக்களையில் உட்கார்ந்து எழுதினோம். நான் ஸ்டூலில், அவர் அரிசி மூட்டையில். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு அவர் சொல்வார். மனசுக்குள் சமைத்தால்தான் அவருக்கு வரிசை வரும். "சாம்பாருக்குப் புளி கரைச்சு... இரு, முதல்ல பருப்பு" என்று பாதியில் திரும்பிப் போய் ஆரம்பிப்பார். வெண்பொங்கலில் முந்திரி என்பதைச் சொல்லவே மறந்துவிட்டார், ஏனென்றால் அது கடைசியில் போடுவது, பொங்கலைச் சேர்ந்ததே இல்லையாம், "மேல போடுறது". ரவா தோசையில் மைதா சேர்க்கிறார்கள் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். ரவா ஊற்றும் கல்லில்தான் சாதா தோசையும் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் கோதுமை ஆகாதவருக்கு அது எவ்வளவு பெரிய தகவல் என்று எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை. அரிசியும் உளுந்தும்தானே, கோதுமைப் புரதம் ஒவ்வாதவர்களுக்கு இட்லி தோசையை விட்டால் வேறு எது என்று நானே பாட்டின் பதிலுக்குத் தலையாட்டி விட்டிருந்தேன்.

அப்போதுதான் பெருங்காயம் வந்தது.

சாம்பார், ரசம், வடை, மோர்க்குழம்பு, பொடி எல்லாவற்றிலும் பெருங்காயம். மாஸ்டர் அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தார். வெளிச்சத்துக்குப் போய் அதன் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். கோந்து, கோதுமை மாவு, பெருங்காயம், எண்ணெய். இரண்டாவது இடத்தில் கோதுமை. அசல் பெருங்காயம் ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கத்திலிருந்து வரும் பிசின். அப்படியே போட்டால் ஒரு சிட்டிகைக்கு ஊரே மணக்கும், கையாளவும் முடியாது. அதனால் மாவும் கோந்தும் கலந்துதான் கூட்டுப் பெருங்காயமாக விற்கிறார்கள். சில கம்பெனி கோதுமை மாவு போடும், சில கம்பெனி அரிசி மாவு.

"இதுல கோதுமையா?" மாஸ்டர் டப்பாவை வாங்கி, தூரத்தில் வைத்து, கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் வரும், அந்த அளவு எழுத்து கண்ணுக்கே தெரியாது. விரல் நுனியில் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். நாற்பது வருஷமாக ருசியில் எல்லாவற்றையும் கண்டுபிடித்தவர். "தெரியலையே" என்றார். கொஞ்சம் அவமானப்பட்ட மாதிரி இருந்தது முகம்.

ஜெயின் சாப்பாடு கேட்பவர்களுக்கு வெங்காயம் பூண்டு மட்டுமல்ல, உருளையும் கேரட்டும் கூட ஆகாது என்பதையும், அமாவாசை அன்று கடையில் வெங்காயமே நறுக்குவதில்லை என்பதையும் அந்த வாரமே சேர்த்தோம். அமாவாசை என்றைக்கு என்று பாட்டுக்குத் தெரியாது. பஞ்சாங்கத்தைப் பார்த்து அந்த வருஷத்துத் தேதியெல்லாம் எழுதிக் கொடுத்தேன்.

இப்போது தாளில் ஒவ்வொரு அயிட்டத்துக்கும் எள், கோதுமை, பால், முந்திரி, வேர்க்கடலை, கடுகு என்று தனித்தனிக் கட்டம். கட்டத்தில் மூன்றே வார்த்தைதான் போடலாம்: இருக்கு, இல்லை, கேட்கணும். வெறுமையாக விட முடியாது. பெரும்பாலான கட்டங்களில் கேட்கணும் என்றுதான் இருக்கிறது, கரண்டி ஒன்றுதான் என்பதால். இல்லை என்று போட மாஸ்டர் ஒப்புக்கொள்ள வேண்டும், அவர் லேசில் ஒப்புக்கொள்வதில்லை. ஒவ்வாமை என்ற பேச்சு வந்துவிட்டால் பாட் தன் வேலையை அத்தோடு நிறுத்திக்கொண்டு, "இருங்க, மாஸ்டரைக் கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிக் கேள்வியைக் கல்லா போனுக்குத் தள்ளிவிடும். சொல்லப்போனால் அது கேட்பதில்லை, நாங்கள்தான் கேட்கிறோம். இருந்தாலும் சித்தப்பா அந்த வாக்கியத்தை மாற்றவிடவில்லை.

தீராத சங்கதி இன்னொன்று இருக்கிறது, ரவா. காலை பத்தரைக்கு மாவு தீர்ந்துவிட்டால் கல்லாப் பையன் "ரவா காலி" என்று ஒரு மெசேஜ் தட்ட வேண்டும், உடனே பாட் ரவாவை நிறுத்திக்கொள்ளும் என்று ஏற்பாடு. கூட்டம் இல்லாத நாளில் ஒழுங்காகத் தட்டுகிறான். கூட்டம் இல்லாத நாளில் ரவா காலியாவதும் இல்லை. முகூர்த்த நாளில் மாவு தீரும்போது அவன் கை ஏழு பில்லில் இருக்கும். ஆகவே பாட் ரவா உண்டு என்று வாட்ஸ்அப்பில் சொல்லிக்கொண்டிருக்க, உள்ளே சப்ளையர் "ரவா முடிஞ்சுபோச்சு சார்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். இதற்கு வழி கண்டுபிடித்தவர்கள் எனக்குச் சொல்லலாம்.

அந்த அம்மாளுக்குத் திருத்திய தாளை அனுப்பிவைத்தேன். அடுத்த தடவை வரும்போது பையனுக்கு என்று தனியாக ஒரு சட்டி ஒதுக்கி வைக்க முடியுமா என்று கேட்டிருந்தாள். மாஸ்டர், வர்ற தேதியை ரெண்டு நாள் முன்னாடி சொல்லச் சொல்லு என்றார்.

போன வாரம் காலை ஆறேகாலுக்கு என் போன் அடித்தது. மாஸ்டர். அவர் எனக்குப் போன் செய்வதே அபூர்வம், அதுவும் முதல் ஈடு இறங்கும் நேரத்தில். யாருக்கு என்னவோ என்று பதறி எடுத்தேன்.

"பாப்பா, பெருங்காயம் டப்பா மாறியிருக்கு. மளிகைக்காரன் வேற கம்பெனி கொடுத்துட்டான். நான் போட்டோ புடிச்சு பெருசாக்கிப் பார்த்தேன், பேத்தி படிச்சுச் சொன்னா, இதுல அரிசி மாவாம். உன் ஆளுகிட்ட சொல்லிடு."

படுக்கையில் உட்கார்ந்தபடியே லேப்டாப்பைத் திறந்து தாளை எடுத்தேன். சாம்பார், கோதுமை, இருக்கு. அதை அழிக்கப்போனேன்.

"இப்பவே மாத்திடாத," என்றார் மாஸ்டர். "பழைய டப்பா ஒண்ணு பாதி இருக்கு. அது தீரணும்."

"எப்ப தீரும் மாஸ்டர்?"

பின்னால் இட்லிக் கொப்பரை மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"இரு, பார்த்துச் சொல்றேன்."